ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது? கார் என்ஜின் சூடேறும்போது நாம் செய்யும் தவறுகள்

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், எங்கள் தெருவில் ஒரு தம்பி தினமும் காலையில் பானெட்டைத் திறந்து ரேடியேட்டரில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுவதைப் பார்த்தேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன். "கொஞ்சம் சூடாகுதுண்ணே, தண்ணி ஊத்துனா சரியாயிருது" என்றார். பல வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்குக் கொடுத்த விலை இன்னும் மனதை அறுப்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது, சுடுகிற என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். கீழே உள்ள எதைச் செய்வதானாலும் என்ஜின் நன்றாக ஆறிய பிறகு செய்யுங்கள். சாவியை எடுத்த பின்னும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுழலும், விரல் ஜாக்கிரதை.

எப்போது சூடாகிறது என்று பார்க்காமல் பழுது தேடுவது

பாதி விடை இங்கேயே இருக்கிறது. மதுரைக் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது சூட்டைக் காட்டும் முள் ஏறி, திருமங்கலம் நாலுவழிச்சாலையில் வேகம் பிடித்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம் சந்தேகப்படுங்கள். ஓடும்போது காற்று தானாக வருகிறது, நிற்கும்போது ஃபேன்தான் காற்றை இழுக்க வேண்டும். ஏசியைப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலான கார்களில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். ஏசிக்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, டவுனுக்குள் ஒழுங்காக ஓடி மேட்டிலும் வேகத்திலும் மட்டும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு), வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் (என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) இவற்றில் ஒன்று. இதைக் கவனிக்காமல் முதல் நாளே ஃபேன் மோட்டார் வாங்கிப் போட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டுவது

கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், ஓடும் பாதை மூடிய பாதை. அதில் நாளுக்கு ஒரு சொம்பு குறைகிறது என்றால் அது எங்கோ போகிறது. வெயிலில் ஆவியாகிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நான் நம்பினேன். ஒரு சித்திரையில், வீரபாண்டித் திருவிழாவுக்காகக் குடும்பத்தோடு தேனிக்குக் கிளம்பினேன். அதற்கு முந்தைய பத்து நாளும் காலையில் தண்ணீர் ஊற்றித்தான் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டி கணவாயில் ஏறும்போது முள் மேலே போனது. ஓரங்கட்டலாமா என்று யோசிப்பதற்குள் அதுவாகவே நடுவுக்கு இறங்கிவிட்டது. அப்பாடா என்று ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன், டக் டக் என்று சத்தம், இழுவை போயிற்று, என்ஜின் நின்றது.

முள் ஏன் இறங்கியது என்பது பிறகுதான் புரிந்தது. சென்சார் கூலன்டில் முங்கியிருந்தால்தான் சூட்டைச் சரியாகக் காட்டும். கூலன்ட் அதற்குக் கீழே வற்றிவிட்டால் அது வெறும் ஆவிக்கும் காற்றுக்கும் நடுவே நிற்கிறது, முள் இறங்கிவிடும். உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும். ஆகவே ஏறின முள் காரணமில்லாமல் சட்டென்று இறங்கினால் அது ஏறுவதைவிட மோசமான அடையாளம், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். இப்போது பல கார்களில் முள்ளே கிடையாது, ஒரு சிவப்பு விளக்குதான், அது எரியும்போது ஏற்கெனவே தாமதம். ஓபிடி போர்ட் (பழுது பார்க்கும் கருவியைச் செருகும் துளை) உள்ள காராக இருந்தால் சின்னதாக ஒரு ரீடர் வாங்கிச் செருகிவிடுங்கள், கூலன்ட் சூடு எத்தனை டிகிரி என்று போனிலேயே தெரியும்.

என் வண்டியில் ஹெட் வளைந்துவிட்டது. என்ஜினின் அடிப்பாகமான பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடிபோல உட்காரும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இருமடங்கு விரியும், இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கேஸ்கெட் கிழிந்துவிடும். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்து மட்டம் பிடித்து, புது கேஸ்கெட் போட்டு, கூலி கொடுத்து என்று 20,000 ரூபாய்க்கு மேல் ஆனது. இத்தனைக்கும் காரணம், கீழ் ஹோஸின் நுனியில் தளர்ந்திருந்த ஒரு கிளிப். ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து இரண்டு திருகு திருகியிருந்தால் போதும். பத்து நாளில் ஒரு நாள்கூட நான் கீழே குனிந்து பார்க்கவில்லை. இன்றைக்கும் யாராவது சொம்போடு நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, எப்படித் தேடுவது? ராத்திரி வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். ஏசியிலிருந்து சொட்டுவது வெறும் தண்ணீர், கூலன்ட் என்றால் நிறமும் பிசுபிசுப்பும் இருக்கும். ஹோஸ் மூட்டுகளிலும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரங்களிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குப் படிந்திருக்கிறதா பாருங்கள். வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, அங்கே ஈரம் தெரிந்தால் பம்ப் சீல் போய்விட்டது. முன் இருக்கைக்குக் கீழே மிதியடி நனைந்து இனிப்பு வாடை அடித்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடான காற்று தரும் குட்டி ரேடியேட்டர்) கசிகிறது.

வெளியே எங்குமே கசிவு இல்லையா? அப்போதுதான் பயப்பட வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், உள்ளே வெண்ணெய் திரண்டதுபோல இருக்கிறதா? ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா? மே மாத மதியத்திலும் சைலன்சரில் வெண்புகை நிற்காமல் வருகிறதா? இவை ஹெட் கேஸ்கெட் போனதன் அடையாளங்கள். இதற்குமேல் வீட்டில் கை வைக்காமல், ஓட்டாமல், கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

தம்பியின் காரில் பம்ப்புக்கு அடியில்தான் பொருக்கு இருந்தது. நல்லவேளை, பம்ப்போடு முடிந்தது.

போர்த் தண்ணீர்

நம் பக்கத்து போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பு. வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் படிகிறதே வெள்ளையாக, அதேதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். வழியில் மாட்டிக்கொண்டால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், தப்பில்லை, ஆனால் வீட்டுக்கு வந்ததும் வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். "பனியா பெய்யுது, எதுக்குக் கூலன்ட்?" என்று கேட்கிறார்கள். உறையாமல் காப்பது மட்டும் அதன் வேலை இல்லை. துருவைத் தடுக்கிறது, கொதிநிலையையும் ஏற்றுகிறது.

ரெடிமிக்ஸில் மறுபடியும் தண்ணீர் கலப்பது

ரெடிமிக்ஸ் என்பது ஏற்கெனவே தண்ணீர் கலந்து வரும் கூலன்ட். கேனில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். பல கார்களில் அது 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அது இல்லாவிட்டால் என்ஜின் தன் சூட்டுக்கு வரவே நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சந்தேகமா, கழற்றி ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகும் வால்வு திறக்காவிட்டால் புதிது வாங்கிப் போடுங்கள். வெறுமனே விடாதீர்கள்.

மூடியை மூடி என்று மட்டும் நினைப்பது

0.9 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்துப்போன மூடியில் 100 தாண்டியதும் கொதித்து வெளியேறிவிடும். மூடி கெட்டால் ரிசர்வ் டேங்கில் அளவு நிறைவாகத் தெரியும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். அதனால் வாரம் ஒருமுறை, ஆறிய பிறகு, ரேடியேட்டரையே திறந்து பாருங்கள். புது மூடி வாங்கும்போது பழையதில் உள்ள அதே எண்.

காற்றை வெளியேற்றாமல் கிளம்புவது

கூலன்ட் மாற்றியதும் உள்ளே காற்று தங்கிவிடும். வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஆறிய நிலையில் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு ஓடவிடுங்கள். குமிழி அடங்க அடங்க ஊற்றி, நிரம்பியதும் மூடுங்கள். அப்புறம் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை அங்கேயே நில்லுங்கள்.

பிரஷர் கன்னால் ரேடியேட்டரை அடிப்பது

ரேடியேட்டரின் மெல்லிய தகட்டுத் துடுப்புகள் மடங்கிவிடும். அறுவடை நேரத்தில் வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கம் ரோட்டில் களம் போட்டிருப்பார்கள், வைக்கோல் தூசி ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே போய் அடைத்துக்கொள்ளும். சாதாரண ஹோஸில், என்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கிக் கழுவுங்கள்.

பழைய கூலன்டைத் தெருவில் விடுவது

அது இனிப்பாக இருக்கும், நாய் நக்கிக் குடித்துவிடும். கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. ஒரு பழைய கேனில் பிடித்து இறுக மூடி, கழிவு ஆயில் சேர்க்கும் பட்டறையில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள். தரையில் சிந்தியதில் மணலைக் கொட்டி அள்ளிவிட்டு, அந்த இடத்தைக் கழுவிய பிறகு வண்டியை எடுங்கள்.