பிரான்ஸில் காரே வராத சைக்கிள் பாதைகள்

பிரான்ஸில் சைக்கிள் பயணம் என்றதும் எல்லோரும் லுவார் நதிக்கரையைத்தான் சொல்வார்கள். சுமார் 900 கிலோமீட்டர், அழகான பாதைதான். ஆனால் இடையிடையே கார்கள் ஓடும் கிராமச் சாலைகளும் வரும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் வரைபடத்தில் ‘வுவா வெர்த்’ (voie verte, ‘பசுமைப் பாதை’) என்று போட்டிருக்கும், கார் நுழையாத பாதைகளைத் தேடுங்கள். பழைய ரயில் தடங்களும், படகிழுக்கும் குதிரைகள் நடந்த ஆற்றங்கரைகளும்தான் பெரும்பாலும் இப்படி மாறியிருக்கின்றன. ஏற்றமும் அதிகம் இருக்காது.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது வடமேற்கு பிரான்ஸில் உள்ள மயென் நதிக்கரை. மயென் ஊரிலிருந்து லவால் வழியாகத் தெற்கே, ஆற்றை ஒட்டியே மரநிழலில் போகலாம். பொடிக்கல்லை இறுக்கிய தரை என்பதால் மழை பெய்தால் சேறு தெறிக்கும். மெல்லிய ரேஸ் டயர் சரிப்படாது. 35 மி.மீ.க்குக் குறையாத டயர் போடுங்கள், மட்கார்டும் இருக்கட்டும்.

தண்ணீர் தீர்ந்தால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே பெரும்பாலும் குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ (non potable, குடிக்கத் தகாதது) என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்க வேண்டாம்.

சாப்பாடுதான் உண்மையான சிக்கல். சின்ன ஊர்களில் மதியம் 12 மணிக்கே கடையை இழுத்து மூடிவிடுவார்கள். ஞாயிறு பிற்பகலும் திங்களும் இன்னும் மோசம். ரொட்டி, சீஸ், பழம் எல்லாம் சனிக்கிழமையே பையில் ஏறிவிட வேண்டும்.

அப்புறம், தங்குமிடங்களில் ‘அக்யோய் வெலோ’ (Accueil Vélo, சைக்கிள் பயணிகளுக்கு வரவேற்பு) பலகை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சைக்கிளைப் பத்திரமாக வைக்க இடமும் ரிப்பேர் சாமான்களும் கிடைக்கும். திரும்பும்போது பிராந்திய ரயில்களில் சைக்கிளை ஏற்றிக்கொள்ளலாம்; கோடையில் சில தடங்களுக்கு முன்பதிவு தேவைப்படும்.