மார்கோனிகாஃப் விதியை மனப்பாடம் செய்தவர்கள் சறுக்கும் இடங்கள்

"எந்தக் கார்பனில் ஹைட்ரஜன் அதிகமோ, அங்கேதான் ஹைட்ரஜன் போகும்." இரட்டைப் பிணைப்புள்ள ஆல்க்கீனில் ஹைட்ரஜன் ஹேலைடு சேரும்போது எது எங்கே போகும் என்று சொல்லும் மார்கோனிகாஃப் விதி இதுதான்; பிளஸ் டூ வேதியியல் படித்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார்கள். புரோப்பீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் 2-புரோமோபுரோப்பேன். சரி. ஆனால் கேள்வி கொஞ்சம் திரும்பியதும் இந்த வாசகமே காலை வாரிவிடும். இதை ஒப்பிப்பதற்குப் பதில் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: இரட்டைப் பிணைப்பில் முதலில் போய் ஒட்டுவது எது, ஒட்டியதும் நடுவில் உருவாவது எது?

மார்கோனிகாஃப் 1870-இல் இதை வெளியிட்டபோது, தான் கண்டதைத்தான் விதியாகச் சொன்னார். கார்பன் நேரயனி, அதாவது கார்பனில் நேர்மின்சுமை உள்ள இடைநிலை, என்ற கருத்தே அப்போது கிடையாது. காரணம் பிற்பாடு தெரிந்தது. முதலில் ஒட்டுவது ஹைட்ரஜன் அயனி. புரோப்பீனில் அது முனைக் கார்பனில் ஒட்டினால் நடுக் கார்பனில் ஈரிணைய நேரயனி (நேர்மின்சுமையுள்ள கார்பனோடு வேறு இரண்டு கார்பன்கள் இணைந்தது) உருவாகும். மாறி ஒட்டினால் நிலைப்பு குறைந்த ஓரிணைய நேரயனி. ஆக, ஹைட்ரஜனை எண்ணுவது வெறும் குறுக்குவழி. 3,3,3-ட்ரைஃபுளூரோபுரோப்பீனில் எண்ணிப் பார்த்து எழுதினால் விடை தப்பு. மூன்று ஃபுளூரின்கள் எலக்ட்ரானை இழுத்துக்கொண்டிருக்க, பக்கத்துக் கார்பனில் நேர்மின்சுமை எப்படி நிற்கும்? அங்கே ஹேலஜன் முனைக்குத்தான் போகிறது.

அடுத்த தவறுதான் அதிக மதிப்பெண்ணைத் தின்கிறது: நேரயனியை வரைந்துவிட்டு, அது இடம் மாறுமா என்று பார்க்காமல் விடுவது. 3,3-டைமெத்தில்-1-பியூட்டீனை எடுத்துக்கொள்வோம். எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது, ஏனென்றால் நீரைச் சேர்க்கும் வழியைப் பொறுத்து ஒரே ஆல்க்கீன் மூன்று வெவ்வேறு ஆல்கஹாலைத் தருகிறது. அமிலத்தில் நீரேற்றம் செய்தால் ஈரிணைய நேரயனி வரும். உடனே பக்கத்து மெத்தில் தொகுதி நகர்ந்து அதை மூவிணைய நேரயனியாக்கிவிடும். கிடைப்பது 2,3-டைமெத்தில்-2-பியூட்டனால். மெர்க்குரிக் அசிட்டேட்டும் நீரும் சேர்த்து, பிறகு சோடியம் போரோஹைட்ரைடு போட்டால் தனி நேரயனி உருவாவதில்லை; எதுவும் நகராது, 3,3-டைமெத்தில்-2-பியூட்டனால் கிடைக்கும். டைபோரேன் (போரானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மம்), அப்புறம் காரம் கலந்த ஹைட்ரஜன் பெராக்சைடு என்று போனால் 3,3-டைமெத்தில்-1-பியூட்டனால். இந்த மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பாருங்கள்.

பெராக்சைடு என்ற சொல்லைக் கண்டதுமே விடையைத் தலைகீழாக்குவதும் தவறு. பெராக்சைடு இருந்தால் ஹைட்ரஜனும் ஹேலஜனும் இடம் மாறிச் சேரும் என்று வேதியியலாளர்கள் கராஷும் மேயோவும் 1933-இல் சிகாகோவில் கண்டறிந்து வெளியிட்ட இந்த விளைவு, ஹைட்ரஜன் ஹேலைடுகளில் ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டுமே உரியது. இங்கே முதலில் ஒட்டுவது புரோமின் தனி உறுப்பு, அதாவது இணையாத எலக்ட்ரான் உள்ள புரோமின் அணு. அது முனையில் ஒட்டினால்தான் நடுவில் நிலையான ஈரிணைய தனி உறுப்பு வரும். காரணம் பழையதேதான், முதலில் போகும் ஆள் மட்டும் மாறிவிட்டார். ஹைட்ரஜன் குளோரைடில் ஹைட்ரஜன்-குளோரின் பிணைப்பு வலுவானது, அதனால் தனி உறுப்புகள் ஒன்றையொன்று உருவாக்கும் சங்கிலி வினை ஓடாது. ஹைட்ரஜன் அயோடைடில் அயோடின் தனி உறுப்பு இரட்டைப் பிணைப்பில் சேரும் படி வெப்பம் கொள்வது, அதனால் அதுவும் நடக்காது.

டைபோரேன் வினையைத் தனி உறுப்பு வழி என்று எழுதுபவர்களும் உண்டு. அப்படியல்ல. போரான் எலக்ட்ரான் பற்றாக்குறை உள்ளது. இட நெருக்கடி இல்லாத முனைக்கு அது போக, ஹைட்ரஜன் அடுத்த கார்பனுக்கு அதே நேரத்தில் போகிறது. அதிலும் எல்லாம் ஒரே இடத்துக்குப் போவதில்லை: 1-ஹெக்சீனில் 94 சதவீதம் 1-ஹெக்சனால், 6 சதவீதம் 2-ஹெக்சனால். முதன்மை விளைபொருள் என்றால் ஒரே விளைபொருள் என்று பொருள் கொள்ளாதீர்கள்.

கேள்வியில் வெப்பநிலை கொடுத்திருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். 1,3-பியூட்டாடையீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு −80 டிகிரி செல்சியஸில் சுமார் 80 சதவீதம் 1,2-சேர்க்கையை (ஹைட்ரஜனும் புரோமினும் அடுத்தடுத்த கார்பன்களில் சேர்வது) தருகிறது. 40 டிகிரியில் அதே 80 சதவீதம் 1,4-சேர்க்கைக்கு (இரு முனைக் கார்பன்களிலும் சேர்வது) போய்விடுகிறது. நடுவில் உருவாகும் நேரயனி இரண்டிலும் ஒன்றேதான். குளிரில் வேகமாக உருவாவது கிடைக்கிறது, சூட்டில் வினை திரும்பி வர முடிவதால் அதிக நிலைப்புள்ளது தங்குகிறது.