கல்லும் செம்மண்ணும் கலந்த மலைத்தடத்துக்குச் சக்கர நாற்காலியை மாற்றி அமைப்பது எப்படி?

மருத்துவமனையில் பார்க்கும் மடக்கு சக்கர நாற்காலி வழவழப்பான தரைக்காகச் செய்யப்பட்டது. ஏற்காட்டில் தார்ச்சாலை முடிகிற இடத்தோடு அதன் பயன் முடிந்துவிடுகிறது. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் வீடுகளுக்குப் போவது செம்மண் தடம். மழைக்காலத்தில் அது குழைந்துவிடும், கோடையில் கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும். சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிக்கும்போது விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட என் சித்தப்பா இருப்பது நாகலூர்ப் பக்கம் அப்படி ஒரு வீட்டில்தான். வாசலைத் தாண்ட முடியாத நாற்காலி அவருக்கு எதற்கு? அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்த வேலை தொடங்கியது. நல்ல வெல்டர் ஒருவரும் சைக்கிள் கடை ஒன்றும் துணைக்கு இருந்தால் நீங்களும் செய்யலாம்.

மோட்டார் பூட்டலாமா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். முன்சக்கரத்தைச் சரிசெய்யாமல் மோட்டார் பூட்டுவது பணத்தை வீணாக்குவது என்பது என் உறுதியான கருத்து. கல்லில் இடித்து நிற்கும் நாற்காலியை அதிக விசையோடு தள்ளினால் அமர்ந்திருப்பவர்தான் முன்னால் விழுவார். ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான நியோபோல்ட் போன்ற, நாற்காலியோடு பூட்டும் மின்மோட்டார் இணைப்புகள் சேலம் நகரச் சாலைகளுக்கு மிக நல்லவை. வாங்க முடிந்தவர்கள் தயங்காமல் வாங்குங்கள். நான் இங்கே எழுதுவது தோட்டத்துத் தடங்களுக்காக.

முதலில் பாதையை அளக்க வேண்டும்

நாற்காலியைத் தொடுவதற்கு முன் வீட்டிலிருந்து தார்ச்சாலை வரை நடந்து மூன்று அளவுகளை எழுதிக்கொள்ளுங்கள்: மிகக் குறுகலான இடத்தின் அகலம், துருத்தி நிற்கும் கற்களில் உயரமானது, மிகச் செங்குத்தான ஏற்றம்.

ஏற்றத்தை அளக்க ஒரு மீட்டர் நீளப் பலகையும் ரசமட்டமும் போதும். பலகையைச் சரிவின் மேல் வைத்து, மட்டம் வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 10 செ.மீ. என்றால் ஏற்றம் நூற்றுக்குப் பத்து. கட்டடங்களின் சாய்தளத்துக்குச் சொல்லப்படும் 1:12 என்ற அளவு இந்தக் கணக்கில் சுமார் 8 செ.மீ. வரும். எங்கள் தடத்தில் சில இடங்களில் 20 செ.மீ. வந்தது, அதாவது 1:5. ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்றால், அந்த ஏற்றத்தில் பின்னால் சரியாமல் பிடித்து நிற்கவே சுமார் 18 கிலோ விசை வேண்டும்.

பின்சக்கரம்: 24 அங்குலம் எல்லாம் ஒன்றல்ல

நாற்காலியின் பின்சக்கரம் 24 அங்குலம், மலைச் சைக்கிள் டயரும் 24 அங்குலம். அதை வாங்கி மாட்டிவிடலாம் என்று தோன்றும், ஆனால் மாட்டாது. டயர் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். நாற்காலி டயரில் 37-540 என்பதுபோல இருக்கும், மலைச் சைக்கிள் டயரில் 50-507 என்பதுபோல இருக்கும். இரண்டாவது எண்தான் டயர் ரிம்மில் உட்காரும் விட்டம், மில்லிமீட்டரில். 33 மி.மீ. வித்தியாசத்தை எந்த இரும்புப் பட்டையாலும் நெம்பிச் சரிசெய்ய முடியாது.

507 ரிம் வாங்கி, நாற்காலியின் பழைய ஹப்பிலேயே (சக்கரத்தின் நடுக்குடம்) புதிதாகக் கம்பி பின்ன வேண்டும். சைக்கிள் ஹப்பை அப்படியே பயன்படுத்தாதீர்கள். சைக்கிளில் ஆக்ஸிலை இரண்டு பக்கமும் ஃபோர்க் (கவட்டை) தாங்குகிறது. நாற்காலியில் ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம் இருப்பதால் சைக்கிளின் மெல்லிய ஆக்ஸில் வளைந்துவிடும். ஹப்பில் எத்தனை துளைகளோ ரிம்மிலும் அத்தனை இருக்க வேண்டும். கம்பிகள் பழையவற்றைவிடச் சுமார் 16 மி.மீ. குட்டையாக வாங்குங்கள். கோட்டம் எடுப்பதைச் சைக்கிள் கடைக்காரரிடமே விட்டுவிடுவது நல்லது. அகலமான டயர் போட்டபின் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய பழைய அளவுதான் வரும், எனவே இருக்கையின் உயரம் மாறாது. காற்று 30 முதல் 40 பி.எஸ்.ஐ. போதும். இறுக்கமாக அடித்தால் ஒவ்வொரு கல்லும் முதுகில் இடிக்கும்.

காற்றே தேவையில்லாத கெட்டி ரப்பர் டயர் பஞ்சராகாது என்று கடைகளில் சொல்வார்கள். உண்மைதான். ஆனாலும் மலைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பஞ்சர் ஒட்டிக்கொள்ளலாம். கெட்டி டயரின் அதிர்வால் உணர்ச்சியற்ற உடலில் படுக்கைப்புண் வந்தால் ஆற மாதக்கணக்காகும்.

முன்சக்கரம்: முழுக் கவனமும் இங்கே

8 அங்குல முன்சக்கரம் 5 செ.மீ. கல்லை முட்டி நின்றால், அதன் மேல் இருக்கும் பாரத்தைப்போல் 1.7 மடங்கு விசை இருந்தால்தான் ஏறும். பன்னிரண்டரை அங்குலக் குழந்தைச் சைக்கிள் சக்கரத்துக்கு 1.1 மடங்கு போதும். பெரிய சக்கரம் தரும் லாபம் இதுதான். மோட்டார் சைக்கிள் விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்த ரால்ஃப் ஹாட்ச்கிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய ரஃப்ரைடர் நாற்காலியில் முன்சக்கரங்கள் அகலமாக, வெகுதூரம் முன்னால் தள்ளி இருப்பதும் கரடுமுரடான தரைக்காகத்தான்.

எங்கள் வழி: நாற்காலியின் சிறு முன்சக்கரங்களைக் கழற்றாமல், அவை தரையில் படாதபடி ஒரே பெரிய சக்கரத்தை முன்னால் நடுவில் இணைப்பது. பழைய குழந்தைச் சைக்கிளிலிருந்து முன் ஃபோர்க், சக்கரம், ஃபோர்க் சுழலும் ஹெட் குழாய் மூன்றையும் பேரிங்குகளோடு வெட்டி எடுத்தோம். நாற்காலியின் முன்பக்க இரண்டு குழாய்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று. அதன் நடுவிலிருந்து முன்னால் நீளும் கை ஒன்று. கையின் முனையில் ஹெட் குழாய். சட்டம் யூ கிளாம்ப் கொண்டு குழாயைப் பிடிக்க வேண்டும். கால் வைக்கும் தட்டில் மாட்டாதீர்கள். மடக்கு நாற்காலியின் தட்டு வெளிப்புறம் திரும்பக்கூடியது, இந்த இழுவையைத் தாங்காது. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயும் வேண்டாம், வெல்டிங்கில் வரும் அதன் புகை உடம்புக்குக் கேடு.

அதிக நேரம் எடுத்த கட்டம் ஹெட் குழாயின் சாய்வு. சைக்கிளில் இந்தக் குழாயின் மேல்முனை ஓட்டுபவரை நோக்கிப் பின்னால் சாய்ந்திருக்கும். சைக்கிள் வேலை தெரிந்த வெல்டர் யாராக இருந்தாலும் கை பழக்கத்தில் அப்படித்தான் வைப்பார். இங்கே அது கூடாது. இந்தச் சக்கரம் தானாகத் திரும்பி, சுழலும் அச்சுக்குப் பின்னால் தொடர்ந்து வர வேண்டியது. மேல்முனை பின்னால் சாய்ந்தால், சக்கரம் பின்னால் இருக்கும்போது நாற்காலியின் முன்பக்கம் உயர்ந்தும், முன்னால் சுழன்றால் தாழ்ந்தும் இருக்கும். பாரம் எப்போதும் தாழ்ந்த நிலையைத்தான் தேடும். எனவே சக்கரம் நேராக வராமல் பக்கவாட்டில் மடங்கிக்கொண்டே இருக்கும்.

குழாய் தரைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒன்றிரண்டு டிகிரி முன்னால் சாய்ந்தால் கேடில்லை, சற்று இறுக்கமாகத் திரும்பும், அவ்வளவுதான். ஃபோர்க்கையும் முன்பின்னாகத் திருப்பிப் போடுங்கள், அப்போதுதான் அதன் வளைவு சக்கரத்தை அச்சுக்குப் பின்னால் தள்ளும்.

செங்குத்தை எப்போது பார்ப்பது என்பதும் முக்கியம். காலி நாற்காலியில் பார்த்தால் பயனில்லை. பயன்படுத்தப்போகிறவரைப் பட்டறைக்கு அழைத்துச் சென்று உட்காரவைத்து, காற்று சரியாக அடித்து, சிறு முன்சக்கரங்கள் தரையிலிருந்து 4 செ.மீ. உயரும்படி முட்டுக்கொடுத்த பிறகு தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். பிறகு அவரை இறக்கி, டேக் (சிறு புள்ளி வெல்டிங்) மட்டும் வைத்து, மறுபடி உட்காரவைத்துச் சரிபார்த்தபின் முழு வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். அவர் அமர்ந்திருக்கும்போது வெல்டிங் பொறி பறக்கவே கூடாது.

இணைப்பைக் கழற்றி மாட்டும்படி இரண்டு செருகு பின்கள் (pin) வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏற்றிச் சேலம் வர வேண்டியிருக்கும்போது நாற்காலி பழையபடி மடங்க வேண்டும்.

பின்னால் கவிழாமல் இருக்க

நாற்காலியின் முன்பகுதியை நீட்டினால் முன்னால் கவிழ்வது குறையும். பின்னால் கவிழ்வது குறையாது. கணக்கு எளியது: ஆளும் நாற்காலியும் சேர்ந்த எடைமையம் பின் ஆக்ஸிலுக்கு 15 செ.மீ. முன்னாலும் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும் இருந்தால், 1:4 ஏற்றத்தில் நாற்காலி பின்னால் கவிழும் எல்லையில் நிற்கும். முன்பக்கத்தை 4 செ.மீ. தூக்கியதால் எடைமையம் மேலும் 3 செ.மீ. அளவுக்குப் பின்னால் போகிறது. அப்போது எல்லை ஏறக்குறைய 1:5. எங்கள் தடத்தின் ஏற்றமும் அதுவே! 6 மி.மீ. தகடு ஒன்றை வெல்டிங் செய்து ஆக்ஸிலை 8 செ.மீ. பின்னால் தள்ளியதும் எல்லை 1:3க்குப் போனது.

இதற்கு ஒரு விலை உண்டு. ஆக்ஸில் பின்னால் போகப் போகக் சக்கரத்தைத் தள்ளப் பிடிக்கும் கைவளையம் கைக்கு எட்டாமல் போகும். தானே தள்ளிச் செல்பவராக இருந்தால் 4 செ.மீ.க்கு மேல் தள்ளாதீர்கள், செங்குத்தான இடங்களில் ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்ளட்டும்.

சக்கரங்களை அடியில் விரித்து வைத்தால் பக்கவாட்டு உறுதி கூடும் என்பது சரி. ஆனால் ஒரு டிகிரிக்குச் சுமார் 1 செ.மீ. அகலம் கூடுகிறது. வேலிக்கும் காப்பிச் செடிக்கும் நடுவே அந்த இடம் இல்லாததால் நாங்கள் அதைச் செய்யவில்லை.

பிரேக், பெல்ட், கயிறு

நாற்காலியோடு வரும் பிரேக் நிறுத்திவைக்க மட்டுமே. டயர் மாற்றியபின் அதையும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். இறக்கத்துக்குச் சைக்கிளின் வி-பிரேக்கை இரண்டு பின்சக்கரங்களுக்கும் வைத்து, பின்னால் தள்ளுபவரின் கைப்பிடியில் லீவர் பொருத்துங்கள். ஒரே லீவரில் இரண்டு கேபிள்களை இழுக்கும் வகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் நாற்காலி அந்தப் பக்கமாகத் திரும்பிவிடும். மிகச் செங்குத்தான இறக்கத்தில் நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாகவே இறக்குங்கள்.

இடுப்பு பெல்ட் வயிற்றின் மேல் கிடக்கக் கூடாது. இருக்கையும் முதுகும் சேரும் மூலையிலிருந்து சாய்வாக வந்து இடுப்பெலும்பைப் பிடிக்க வேண்டும். ஏற்றத்தில் முன்னாலிருந்து ஒருவர் கயிறு கட்டி இழுக்க, குறுக்குச் சட்டத்தில் இரண்டு வளையங்களை வெல்டிங் செய்துகொண்டால் பின்னால் தள்ளுபவரின் பாரம் பாதியாகும்.

பிற்சேர்க்கை

பதிவைப் படித்துவிட்டுக் கொல்லிமலையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: பாதை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும் இடத்தில் நாற்காலி பள்ளத்தை நோக்கியே திரும்புகிறதே? ஆம், தானாகத் திரும்பும் முன்சக்கரத்தின் இயல்பு அது. ஹெட் குழாயிலும் ஃபோர்க்கின் தண்டிலும் குறுக்கே ஒரு துளை போட்டு, தேவைப்படும் இடத்தில் ஒரு பின்னை (pin) செருகிச் சக்கரத்தை நேராகப் பூட்டிவிடுங்கள். துளை பேரிங்குகளுக்கு நடுவில், இரண்டிலிருந்தும் தள்ளி இருக்கட்டும். திருப்பம் வந்தால் பின்னை எடுக்க மறக்காதீர்கள்.

மழைக்காலத்தில் செம்மண் ஃபோர்க்குக்கும் டயருக்கும் இடையே அப்பி, சக்கரம் சுற்றவே மறுக்கிறது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். மட்காட்டைக் கழற்றிவிடுங்கள். டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இல்லையென்றால் மெல்லிய டயராக மாற்றுங்கள். வீடு திரும்பியதும் ஈரம் காய்வதற்குள் கழுவி, பிரேக் கேபிளின் இரு முனைகளிலும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.