விவாகரத்துக்குப் பின் முன்னாள் துணையின் கடன் உங்கள் சிபில் மதிப்பெண்ணைக் கெடுக்காமல் காப்பது எப்படி

கணவனும் மனைவியும் பிரியும்போது வீடு யாருக்கு, நகை யாருக்கு, பிள்ளைகள் யாரிடம் என்பதையெல்லாம் நாள்கணக்கில் பேசி முடிக்கும் குடும்பங்கள், இருவரும் சேர்ந்து கையெழுத்திட்ட கடன்களை மட்டும் ஒற்றை வரியில் கடந்துவிடுகின்றன. 'வீட்டுக்கடனை இனி அவரே கட்டிக்கொள்வார்' என்று சமரச ஒப்பந்தத்தில் எழுதி, நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டால், அந்தக் கடனுக்கும் தமக்கும் இருந்த தொடர்பு அற்றுப்போனதாக மற்றவர் எண்ணிக்கொள்கிறார். வங்கி அப்படி எண்ணுவதில்லை. குடும்பநல நீதிமன்றத்தின் தீர்ப்பு வழக்கின் தரப்பினரான இருவரைத்தான் கட்டுப்படுத்துமே தவிர, தரப்பாகவே இல்லாத வங்கியைக் கட்டுப்படுத்தாது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 43-ஆவது பிரிவுப்படி, சேர்ந்து கடன் வாங்கியவர்களில் எவர் ஒருவரிடமிருந்தும் முழுத் தொகையையும் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு.

அதே வேளையில், தேவையில்லாத அச்சமும் வேண்டாம். மணம் முடித்ததாலேயே ஒருவர் தனியாக வாங்கிய கடன் மற்றவர் தலையில் விழுந்துவிடாது. நீங்கள் கையெழுத்திடாத கடன் உங்கள் கடன் அறிக்கையில், அதாவது உங்கள் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவில், வரக்கூடாது. ஆகவே, எங்கெல்லாம் கையெழுத்திட்டீர்கள் என்று கண்டறிவதே முதல் வேலை.

இதற்கு நினைவை நம்ப வேண்டாம். இந்தியாவில் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஆணை. நான்கையும் எடுங்கள், ஒன்றில் இல்லாத கடன் மற்றொன்றில் இருக்கலாம். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், ஒவ்வொரு கணக்கிலும் உங்கள் பங்கு தனிக்கடன்தாரரா, கூட்டுக்கடன்தாரரா, ஜாமீன்தாரரா என்று குறித்திருப்பதைப் படியுங்கள். அறிக்கையில் உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் பாருங்கள். வங்கி ஒன்று உங்கள் அறிக்கையைக் கேட்டால் உங்களுக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும். குடும்பக் கடன்களில் பல நேரம் கணவரின் எண்ணையே கொடுத்திருப்பார்கள் என்பதால், அந்த எச்சரிக்கை போக வேண்டியவரிடம் போவதில்லை.

எல்லாவற்றிலும் சிக்கலானது வீட்டுக்கடன்தான். கூட்டுக்கடன்தாரர் ஒருவரின் பெயரை நீக்குவது வங்கியின் விருப்பத்துக்கு உட்பட்டது. மிஞ்சுகிறவரின் வருமானம் மட்டும் மீதிக் கடனுக்குப் போதுமா என்று வங்கி புதிதாகக் கணக்குப் போட்டுப் பார்க்கும். போதாவிட்டால் வேறொருவரைக் கூட்டுக்கடன்தாரராகச் சேர்ப்பது, வேறு வங்கிக்குத் தனிப்பெயரில் கடனை மாற்றுவது, வீட்டை விற்று அடைப்பது ஆகிய வழிகள்தான் இருக்கின்றன. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு வங்கி அபராதம் வாங்கக்கூடாது என்பதால், வங்கி மாற்றுவதற்கு அந்தத் தடை இல்லை. வீட்டுப் பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்தால், ஒருவர் தம் பங்கை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும் தேவைப்படும். அதற்கு முன் வங்கியின் தடையின்மைச் சான்றைப் பெற்றுவிடுங்கள். இதில் வரிசை முக்கியம். வீட்டின் மீதான உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கடனில் மட்டும் பெயரை விட்டுவைப்பதைப் போன்ற மோசமான நிலை வேறில்லை: சொத்து அவருக்கு, பொறுப்பு உங்களுக்கு. வங்கியின் விடுவிப்புக் கடிதமும் விடுதலைப் பத்திரமும் ஒரே மூச்சில் முடிய வேண்டும்.

இதற்குச் சட்டமே ஓர் இடைவெளி தருகிறது. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மதத்துடன் மனு செய்தால், முதல் மனுவுக்கும் இரண்டாவதற்கும் இடையே பொதுவாக ஆறு மாதம் இருக்கிறது. அதை ஆறுதல் தேடும் காலமாக மட்டும் விடாமல் வங்கி வேலைக்குப் பயன்படுத்துங்கள். 'அவர் கட்டுவார்' என்ற வெறும் வாசகத்துக்குப் பதிலாக, எந்தத் தேதிக்குள் பெயர் நீக்கப்படும், நீக்கப்படாவிட்டால் வீடு விற்கப்படுமா, தவணை தவறினால் ஏற்படும் இழப்பை யார் ஈடுசெய்வார் என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது மனுவுக்கு முன் வங்கியின் கடிதம் கைக்கு வருவதே பாதுகாப்பு. தீர்ப்பு கிடைத்த பிறகு எதிர்த்தரப்புக்கு அவசரம் இருக்காது.

பெயர் நீங்கும் வரை தவணைத் தேதியைக் கண்காணிப்பது உங்கள் வேலை. தவணை தாமதமானால், தாமதித்த நாட்கள் இருவர் அறிக்கையிலும் மாதவாரியாக ஏறும். 90 நாட்களைத் தாண்டினால் அது வாராக்கடன். கடன் கணக்கைப் பார்க்க உங்களுக்கும் இணைய அனுமதி கேளுங்கள். அவர் கட்டவில்லை என்று தெரிந்தால், கோபத்தை ஒதுக்கிவைத்து, இயன்றால் அந்தத் தவணையை நீங்களே கட்டிவிடுவதுதான் என் கருத்தில் புத்திசாலித்தனம். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே நேரடியாகக் கட்டி ரசீதை வைத்திருந்தால், அந்தத் தொகையைப் பின்னர் அவரிடமிருந்து கேட்டுப் பெற வழக்குத் தொடரலாம்; கெட்ட பதிவை அப்படித் திரும்பப் பெற முடியாது. வசூலிக்க வருகிறவர் பாக்கியைவிடக் குறைந்த ஒரு தொகை சொல்லி, அதைக் கட்டினால் கடனை முடித்துவிடலாம் என்று 'செட்டில்மென்ட்' பேசினால் எச்சரிக்கை தேவை. 'முடிக்கப்பட்டது' என்பதற்குப் பதில் 'சமரசம் செய்யப்பட்டது' என்று பதிவாகும் கடன், அடுத்து நீங்கள் கடன் கேட்கும்போது எதிராகவே நிற்கும்.

கடன் அட்டையில் வேலை எளிது. நீங்கள் முதன்மை அட்டைதாரர் என்றால், துணைக்கு வாங்கிக் கொடுத்த கூடுதல் அட்டையை இன்றே ரத்துசெய்யுங்கள். அதில் நடக்கும் செலவெல்லாம் உங்கள் கடனே. இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம் என்ற கூட்டுக்கணக்கை இருவர் கையெழுத்தும் வேண்டும் என மாற்ற எழுத்தில் கோருங்கள். அதற்கு முன், அந்தக் கணக்கிலிருந்து உங்கள் தவணை ஏதும் தானாகக் கழிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாமீன் கையெழுத்து இதைவிடக் கடினம். அதே ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவருடையதற்குச் சமம். தொழிலுக்கான ஓவர்டிராஃப்ட் (வரம்புக்குள் தேவைப்படும்போதெல்லாம் எடுத்துக்கொள்ளும் கடன்) போல, அடுத்தடுத்து எடுக்கும் தொகைகளுக்கும் பொருந்தும் தொடர் ஜாமீனாக இருந்தால், இனிமேல் எடுக்கப்படும் தொகைக்குத் தாம் பொறுப்பில்லை என்று 130-ஆவது பிரிவின் கீழ் வங்கிக்கு அறிவிப்பு அனுப்பலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் வாசகம் படிவத்தில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் காட்டிய பின் அனுப்புங்கள். ஏற்கெனவே எடுத்த பணத்துக்கு இது பொருந்தாது.

மகளிர் குழுக்கள் வழியே சிறுகடன் வாங்கும் பெண்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி நுண்கடனுக்குக் குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். குடும்பத்தின் மொத்தத் தவணை மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பிரிந்த பிறகும் பழைய விவரமே இருந்தால் அவருடைய தவணையும் உங்கள் கணக்கில் சேரும். தீர்ப்பின் நகலைக் கொடுத்துக் குடும்ப விவரத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

நீங்கள் கையெழுத்திடாத கடன் அறிக்கையில் இருந்தால், கடன் தகவல் நிறுவனத்துக்கும் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் ஒரே நாளில் எழுத்தில் புகார் செய்யுங்கள்; ஆதார், பான் நகல்களைக் கொண்டு உங்கள் பெயரில் வாங்கியதாகச் சந்தேகித்தால் காவல்துறையிலும் புகார் கொடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நீங்கள் கையெழுத்திட்ட கூட்டுக்கடனில் அவர் தாமதித்தது பிழையல்ல என்பதால், அதற்கு இந்த வழி உதவாது. உரிய பதில் கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன் தகவல் நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வருகின்றன. வழிகாட்டலுக்கு 14448 என்ற எண்ணை அழைக்கலாம். முதலில் அனுப்பிய புகாரின் நகலும் தேதியும் அப்போது கையில் இருக்க வேண்டும்.