ஒரு வயதுக் குழந்தைக்குப் பால் மறக்கடிப்பது எப்படி?

"பாலை நிறுத்தினால்தான் சோறு இறங்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. நினைத்தபோதெல்லாம் பால் குடிக்கும் குழந்தைக்குச் சாப்பாட்டு நேரத்தில் பசி இருக்காது. ஆனால் ஒரே நாளில் பாலை நிறுத்தினால் பசிதான் வரும், மென்று விழுங்கும் பழக்கம் வராது. அதனால் முதலில் சோற்றைப் பழக்குங்கள். பாலைப் பிறகு ஒவ்வொரு வேளையாகக் குறைக்கலாம்.

ஒரு வயதோடு நிறுத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 2 வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வேலை, உடல்நிலை, களைப்பு என்று உங்களுக்குக் காரணம் இருந்தால் நிறுத்துங்கள். ஊர் பேசுகிறது என்பதற்காக வேண்டாம். அடுத்த குழந்தை உண்டாகியிருந்தாலும் உடனே நிறுத்தத் தேவையில்லை. முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்களும், இப்போது உதிரப்போக்கு இருப்பவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வீடு மாறிய வாரம், அம்மா வேலைக்குப் போகத் தொடங்கிய வாரம் ஆகியவற்றில் ஆரம்பிக்காதீர்கள். வயிற்றுப்போக்கின்போது தாய்ப்பால் கட்டாயம் தொடர வேண்டும்.

முதல் இரண்டு வாரம்: சோறு

இந்த இரண்டு வாரமும் பாலைக் குறைக்க வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து தாய்ப்பால், பசும்பால், பிஸ்கட், ஜூஸ் எதுவும் கூடாது. தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். சாப்பிட்டு முடித்த பிறகு பால் கேட்டால் கொடுங்கள். நாளுக்கு 3 அல்லது 4 வேளை சாப்பாடு, நடுவில் 1 அல்லது 2 முறை பழமோ சுண்டலை மசித்ததோ போதும். வேளைக்குக் கிட்டத்தட்ட ஒரு சின்ன டம்ளர், அதாவது 200 மில்லி அளவு உணவு இலக்கு. ஆரம்பத்தில் 4 ஸ்பூன் இறங்கினாலே நல்ல தொடக்கம்.

தாய்ப்பாலும் குடிக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கு உணவிலிருந்து மட்டும் நாளுக்குச் சுமார் 550 கலோரி தேவை. பருப்புத் தண்ணீர், ரசம் சாதக் கரைசல், அரிசிக் கஞ்சி இவற்றால் அதை எட்டவே முடியாது. வயிறு நிறையும், சத்து சேராது. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கிற பதத்தில் உணவு இருக்க வேண்டும்.

ஒரு அளவு: அரிசி 3 மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு 1 மேசைக்கரண்டி, கேரட் ஒரு துண்டு, முருங்கைக்கீரை ஒரு சிறு பிடி. நான்கு பங்கு தண்ணீர் விட்டுக் குக்கரில் குழைய வேகவைத்து, ஒரு டீஸ்பூன் நெய் விடுங்கள். ஆறியதும் எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு. இது சுமார் 250 கலோரி, இரண்டு வேளைக்கு வரும். எலுமிச்சை ருசிக்காக மட்டும் இல்லை. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள அதிலுள்ள வைட்டமின் சி உதவும். வாரத்தில் சில நாள் முட்டை, முள் நீக்கிய மீன், வேகவைத்து மசித்த ஆட்டீரல் அல்லது கோழி ஈரல் சேருங்கள். தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு என்பதால் இந்த வயதில் அது தட்டிலிருந்துதான் வர வேண்டும். கிராம சுகாதார செவிலியரோ அங்கன்வாடியிலோ தரும் இரும்புச்சத்து சிரப்பையும் அவர்கள் சொல்லும் அளவில் தவறாமல் கொடுங்கள்.

மிக்ஸியில் அடித்துக் கொடுப்பதை விடுங்கள். முதல் சில நாள் கையால் நன்றாக மசித்து, அடுத்து பருக்கை தெரியும்படி பிசைந்து, மூன்றாம் வாரத்தில் இட்லித் துண்டையும் வேகவைத்த கேரட்டையும் குழந்தை கையிலேயே கொடுங்கள். கட்டி பழகாத குழந்தை முதலில் குமட்டும். சத்தத்தோடு இருமித் தானே வெளியே தள்ளினால் பயமில்லை. சத்தமே வராமல் திணறினால், அழ முடியாமல் நீலம் பாரித்தால் அது மூச்சடைப்பு. உடனே முதலுதவி வேண்டும். முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன், வட்டமாக வெட்டிய பச்சைக் கேரட் இவற்றைக் கொடுக்கவே கூடாது.

வாயில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் குழந்தைக்கு மேலும் மேலும் ஊட்டாதீர்கள். 20, 25 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். போனைக் காட்டி ஊட்டினால் அன்றைக்கு நான்கு வாய் கூடுதலாக இறங்கும். ஆனால் பசியும் நிறைவும் குழந்தைக்குத் தெரியாமலே போகும். ஒரு வயதுக்குப் பிறகு வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் கொஞ்சம் குறையும், அது இயல்பு. ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்துக் கணக்குப் பார்க்காமல் ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

மூன்றாம் வாரத்திலிருந்து: பாலைக் குறைப்பது

மூன்று நாள் எத்தனை முறை குடிக்கிறது என்று எழுதுங்கள். அதில் குழந்தைக்கு மிகக் குறைவாக வேண்டியிருக்கும் வேளை எதுவோ, அதை முதலில் எடுங்கள். பெரும்பாலும் அது முற்பகலோ பிற்பகலோ இருக்கும். அந்த நேரத்தில் வழக்கமாகப் பால் கொடுக்கும் இடத்தில் உட்காராமல் வெளியே தூக்கிப் போங்கள், கையில் ஒரு வாழைப்பழத் துண்டு கொடுங்கள். 5 முதல் 7 நாள் கழித்து அடுத்த வேளை. ஐந்து வேளையை நிறுத்த ஐந்தாறு வாரம் ஆகும். அவசரப்படுத்தினால் குழந்தை அழுவதோடு உங்களுக்கும் பால் கட்டிக்கொள்ளும்.

தூங்கும்போது குடிக்கும் பால்தான் கடைசி, அதுதான் கடினமும். முதலில் தூக்கத்தையும் பாலையும் பிரியுங்கள்: பாலைக் கொடுத்து, பிறகு வாய் துடைத்து, தாலாட்டித் தூங்கவையுங்கள். 10 நிமிடம் பால் குடிப்பதை 7, 5 நிமிடம் என்று சுருக்குங்கள். நடு இரவில் எழுந்தால் அப்பாவோ பாட்டியோ தட்டிக்கொடுத்து, டம்ளரில் தண்ணீர் தரட்டும். இதற்குப் பதிலாகப் பால்புட்டியைப் பழக்கிவிடாதீர்கள். வாயில் புட்டியோடு தூங்கும் குழந்தைக்கு முன்பற்கள் சொத்தையாகும்; பிறகு அந்தப் புட்டியை மறக்கடிக்க இன்னொரு போராட்டம்.

தாய்ப்பால் முழுதும் நின்ற பிறகு பசும்பால் நாளுக்கு 300 முதல் 400 மில்லி, தண்ணீர் கலக்காமல், காய்ச்சி, டம்ளரில் கொடுங்கள். 500 மில்லிக்கு மேல் போகக் கூடாது. "சாப்பிடவில்லை, பாலாவது குடிக்கட்டும்" என்று தினம் ஒரு லிட்டர் கொடுத்தால் வயிறு அடைபடும், மலச்சிக்கல் வரும், ரத்தசோகை வரும். ரத்தசோகையால் பசி இன்னும் குறைந்து மறுபடியும் பாலையே தேடும்.

வேப்பெண்ணெயும் வேப்பிலை அரைத்ததும் காம்பில் தடவுவது நம் வீடுகளில் பழைய வழி. வேப்பெண்ணெய் சிறு குழந்தைகளின் வயிற்றுக்குள் போவது ஆபத்து, தொடவே வேண்டாம். அம்மா மூன்று நாள் வேறு ஊருக்குப் போய்விடுவதும் அப்படித்தான். பாலையும் அம்மாவையும் ஒரே நேரத்தில் இழக்கும் குழந்தை எதையும் சாப்பிடாது.

அம்மாவின் மார்பு

பால் கட்டி வலித்தால் வலி குறையும் அளவுக்கு மட்டும் கையால் பீச்சுங்கள். முழுதும் எடுத்தால் உடல் மறுபடி சுரக்கும். ஈரத்துணியைக் குளிரவைத்துப் போடலாம். இறுக்கிக் கட்டக் கூடாது, அது பால்குழாய் அடைக்க வழி செய்யும். மல்லிகைப்பூ வைத்துக் கட்டும் வழக்கம் வெறும் நம்பிக்கை இல்லை. பால் வற்றுவதில் அதன் பலனை வேலூரில் 1980களில் ஆராய்ந்திருக்கிறார்கள். மார்பில் ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். அதுவரை பாலை எடுப்பதை நிறுத்தாதீர்கள். பால் வற்ற மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள்.

இரண்டு மூன்று மாதம் எடை ஏறவில்லை, முகமும் உள்ளங்கையும் வெளுத்திருக்கிறது, எந்தப் பதத்தில் கொடுத்தாலும் ஒவ்வொரு முறையும் குமட்டுகிறது, சிறுநீர் குறைகிறது என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். பாலூட்டலை முழுதும் நிறுத்திய பிறகும் சில வாரங்கள் மார்பில் ஓரிரு சொட்டுப் பால் வரும். அதைப் பிழிந்து பிழிந்து பார்க்க வேண்டாம், தானே வற்றிவிடும்.