அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் கடைத் தள்ளுபடிக்குத் தங்கள் சேவையை நிரூபிப்பது எப்படி?

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்குப் பல கடைகள் தள்ளுபடி தருகின்றன. ஹோம் டிப்போவை எடுத்துக்கொண்டால், தகுதியுள்ள பொருள்களுக்கு 10 சதவீதம், ஆண்டுக்கு 400 டாலர் வரை. ஆனால் பெரிய கடைகள் பலவற்றில் முதலில் ஆன்லைனில் சரிபார்ப்பை முடித்தாக வேண்டும். அதைச் செய்வது கடைக்காரர் அல்ல, ஷீர்ஐடி, ஐடி.மீ போன்ற நிறுவனங்கள். நீங்கள் தட்டச்சு செய்ததைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பொருந்தினால் விடும், இல்லாவிட்டால் நிறுத்தும். உண்மையாகவே பணியாற்றியவர்கள் ஒரு தேதி மாறியதால் திருப்பி அனுப்பப்படுவது வேதனை. அதைத் தவிர்க்கத்தான் இந்த விளக்கம்.

1. டிடி-214 தாளை எடுத்து வையுங்கள்

படையிலிருந்து விடுவிக்கப்படும்போது தரும் சான்றிதழ் இது. இதில் பல பிரதிகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது மெம்பர்-4 என்று ஓரத்தில் அச்சிட்ட பிரதி. மெம்பர்-1 பிரதியில் 24ஆம் கட்டம், அதாவது எந்த நிலையில் விடுவிக்கப்பட்டீர்கள் என்ற தகவல், இருக்காது. அதனால் பல இடங்களில் அது செல்லாது. நேஷனல் கார்டில் (மாநிலங்களின் பகுதிநேரப் படை) இருந்து விலகியவர்களுக்கு இதற்கு இணையான தாள் என்ஜிபி-22.

தொலைந்துபோயிருந்தால் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்திடம் கேளுங்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளம் வழியாகவோ எஸ்எஃப்-180 படிவத்தை அனுப்பியோ பெறலாம். சாதாரணக் கோரிக்கைக்குக் கட்டணம் கிடையாது. "டிடி-214 எடுத்துத் தருகிறோம்" என்று காசு கேட்கும் தளங்களுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டாம். 1960க்கு முன் ராணுவத்திலிருந்து விலகிய தாத்தா, மாமனாருக்காகக் கேட்பவர்கள் பொறுமையாக இருங்கள். 1973 ஜூலையில் அந்த மையத்தில் ஏற்பட்ட தீயில் 1.6 கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. வேறு ஆவணங்களிலிருந்து திரட்டித்தான் சான்று தருவார்கள்.

2. ஆன்லைன் சரிபார்ப்புப் படிவத்தை நிரப்புவது

பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாகப் பாருங்கள்.

பெயர்: 1ஆம் கட்டத்தில் உள்ளபடியே. அங்கே குடும்பப் பெயர் முதலில் வரும், பிறகு முதற்பெயர். தமிழ்ப் பெயர்களில் இது பெரும் குழப்பம். அப்பா பெயர் எந்த இடத்தில் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து அதே வரிசையில் எழுதுங்கள். குடியுரிமை பெற்றபோதோ திருமணத்தின்போதோ பெயரை மாற்றியவர்கள், பழைய பெயரில் ஒருமுறை முயலுங்கள். அதுவும் நடக்காவிட்டால் டிடி-214உடன் பெயர்மாற்ற ஆணையோ திருமணச் சான்றிதழோ தயாராக இருக்கட்டும்.

பிறந்த தேதி: அமெரிக்க முறையில் மாதம் முதலில். டிடி-214இல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். நாளை முதலில் எழுதிப் பழகிய நம் கை 5ஆம் மாதம் 3ஆம் தேதியை 3ஆம் மாதம் 5ஆம் தேதி ஆக்கிவிடும்.

விடுவிப்புத் தேதி: இதை இரண்டு முறை படியுங்கள். எழுத வேண்டியது 12பி கட்டத்தில் உள்ள தேதி. 6ஆம் கட்டத்திலும் ஒரு தேதி இருக்கும். அது ரிசர்வ் கடமை (தேவைப்பட்டால் மீண்டும் அழைக்கப்படக்கூடிய காலம்) முடியும் நாள், பெரும்பாலும் சில ஆண்டுகள் தள்ளியிருக்கும். அதை எழுதினால் "நீங்கள் இன்னும் பணியில் இருக்கிறீர்கள்" என்ற பொருள் வந்து, தகவல் முரண்பட்டு நின்றுவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட டிடி-214 வைத்திருப்பவர்கள் கடைசித் தாளின் தேதியை முதலில் முயலுங்கள்.

நிலை: "முன்னாள் படைவீரர்", "ஓய்வுபெற்றவர்" இரண்டும் ஒன்றல்ல. 20 ஆண்டு முடித்தோ மருத்துவக் காரணத்தாலோ ராணுவ ஓய்வூதியத்துடன் வெளியேறியவர் மட்டுமே ஓய்வுபெற்றவர். நான்காண்டு ஒப்பந்தம் முடித்து வந்தவர் முதல் வகையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. ஆவணம் கேட்டால்

பழைய பதிவுகள் கணினியில் முழுமையாக இல்லாததால், எல்லாம் சரியாக எழுதியும் தாளைக் கேட்கலாம். பெயர், படைப் பிரிவு, விடுவிப்புத் தேதி மூன்றும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஷீர்ஐடி போன்றவற்றுக்கு அனுப்பும்போது 3ஆம் கட்டத்தின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணை மறையுங்கள். பிடிஎஃபில் கறுப்புப் பெட்டி வரைந்தால் மட்டும் போதாது. பெட்டியை நகர்த்தினால் எண் வெளியே வந்துவிடும். மறைத்த பக்கத்தைப் படமாக எடுத்து, அந்தப் படத்தை அனுப்புங்கள்.

பணியில் இருப்பவர்கள், ஓய்வுபெற்றவர்கள் தங்கள் ராணுவ அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பவே கூடாது. கடைத் தள்ளுபடிக்காக அதை நகலெடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கவுன்ட்டரில் காட்டலாம், அவ்வளவுதான்.

4. கவுன்ட்டரில் காட்ட

என் முதல் தேர்வு, டிரைவிங் லைசென்ஸில் முன்னாள் படைவீரர் என்று பொறித்து வாங்குவது. 50 மாநிலங்களிலும் இந்த வசதி உண்டு. எப்படியும் பர்ஸில் இருக்கும் அட்டை. வேறொன்றைத் தூக்கித் திரிய வேண்டாம். அடுத்தது, விஏ (முன்னாள் படைவீரர் நலத் துறை) இணையதளத்திலோ அதன் செயலியிலோ கிடைக்கும் டிஜிட்டல் அட்டை. லாகின்.கவ் (அரசு தளங்களில் நுழைவதற்கான கணக்கு) அல்லது ஐடி.மீ கணக்கு இருந்தால் இலவசமாகப் பெறலாம். விஏ மருத்துவமனை அட்டையும் பல கடைகளில் செல்லும். ஆனால் அது விஏ மருத்துவத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே. டிடி-214ஐ மட்டும் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். அது தொலைந்தால் உங்கள் அடையாளமே பிறர் கைக்குப் போகும்.

ஐடி.மீ, ஷீர்ஐடி இரண்டில் எது நல்லது என்பதற்கு: பல கடைகளில் வாங்குபவருக்கு ஐடி.மீ வசதி, ஒருமுறை முடித்தால் அதே கணக்கு போதும். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கேட்கும். ஒரே கடைக்காக என்றால், அந்தக் கடை ஷீர்ஐடி வைத்திருந்தால் அதுவே போதும்.

பின்சேர்க்கை

சரிபார்ப்பு முடிந்தும் தள்ளுபடி வரவில்லை என்றால், கடைக் கணக்கின் மின்னஞ்சலும் சரிபார்ப்புக்குக் கொடுத்த மின்னஞ்சலும் ஒன்றா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான்.

கௌரவமாக விடுவிக்கப்பட்ட முன்னாள் படைவீரர் எவரும், 2017 நவம்பர் 11 முதல், ராணுவ எக்ஸ்சேஞ்சின் (படையினருக்கான கடைகள்) இணையக் கடையில் விற்பனை வரி இல்லாமல் வாங்கலாம். இதற்கான சரிபார்ப்பு தனி, ஐடி.மீயில் தேறியிருந்தாலும் இதையும் செய்ய வேண்டும். ராணுவத் தளத்துக்குள் உள்ள கடைக்கு நேரில் போவது வேறு விஷயம். 2020 ஜனவரி முதல், பணியால் ஏற்பட்ட ஊனம் உள்ளவர்கள், பர்ப்பிள் ஹார்ட் (போரில் காயமடைந்தவர்களுக்கான பதக்கம்) பெற்றவர்கள், போர்க் கைதியாக இருந்தவர்கள் ஆகியோருக்கு அந்த அனுமதி உண்டு. வாயிலில் விஏ மருத்துவமனை அட்டையைக் கேட்பார்கள். லைசென்ஸில் உள்ள பொறிப்பு அங்கே போதாது.