மெஷின் பில்லைப் படிக்க, ஆள் முடிவெடுக்க: ஒரு சரிபார்ப்புத் திரையை வடிவமைப்பது எப்படி?

கொள்முதல் பில்களை ஸ்கேன் செய்கிறோம். படத்திலுள்ள எழுத்துகளைக் கண்டறியும் ஓசிஆர் மென்பொருள் அவற்றைப் படிக்கிறது, கணக்காளர் சரிபார்த்து ஏற்றுகிறார். அந்தச் சரிபார்ப்புத் திரையை வடிவமைப்போம்.

படி 1: வேலையைப் பிரியுங்கள். பராசுராமன், ஷெரிடன், விக்கன்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் 2000-இல் எழுதிய கட்டுரை, தானியங்கிக்குக் கொடுக்கக்கூடிய வேலையை நான்காகப் பிரிக்கிறது: தகவல் திரட்டுதல், அலசுதல், முடிவெடுத்தல், செயல்படுத்தல். நம் திரையில் முதல் இரண்டும் மெஷினுக்கு. முடிவில் இருவருக்கும் பங்கு உண்டு. கணக்கில் ஏற்றும் பொத்தான் ஆளிடம் மட்டுமே இருக்கட்டும்.

படி 2: கணக்கை வைத்துச் சோதியுங்கள். "98 சதவீதம் உறுதி" என்று மெஷின் சொல்வதைவிட இது நம்பகமானது. ஜிஎஸ்டி எண்ணில் 15 இடங்கள்: முதல் இரண்டு மாநிலக் குறியீடு (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து பான் எண், கடைசி இடம் முன்னுள்ள 14 இடங்களிலிருந்து கணக்கிட்டு வரும் சோதனை எழுத்து. ஓர் எழுத்து தவறாகப் படிக்கப்பட்டிருந்தாலும் அந்தச் சோதனையில் சிக்கிவிடும். ஓசிஆர் பூஜ்யத்தை 'ஓ' என்றும் 8-ஐ 'பி' என்றும் அடிக்கடி படிக்கும். பான் பகுதியில் முதல் 5 எழுத்து, அடுத்த 4 இலக்கம் என்பது நிலையானது. அதனால் எந்த இடத்தில் எது வரக்கூடாது என்று மென்பொருளே சொல்லிவிடலாம்.

தொகைக்கும் இதே வழிதான். 12,400 ரூபாய்க்கு சிஜிஎஸ்டி 9%, எஸ்ஜிஎஸ்டி 9% என்றால் தலா 1,116, மொத்தம் 14,632. 12,400-ஐ 12,480 என்று படித்திருந்தால் கூட்டல் இடிக்கும். பைசா முழுமையாக்கலுக்காக ஒரு ரூபாய் வித்தியாசத்தை விட்டுவிடுங்கள். பில் எண்ணைச் சோதிக்க இப்படி எந்தக் கணக்கும் கிடையாது. அதை எப்போதும் ஆள்தான் பார்க்க வேண்டும்.

படி 3: மெஷினின் உறுதி எதற்குக் கீழே போனால் ஆள் பார்க்க வேண்டும் என்ற வரம்பை அளந்து வையுங்கள். ஏற்கெனவே கையால் ஏற்றிய 100 பழைய பில்களை ஓசிஆருக்குக் கொடுத்து, தேதி, தொகை என ஒவ்வொரு விவரத்தின் கட்டத்திலும் எத்தனை பிழை, அப்போது மெஷின் காட்டிய உறுதி எவ்வளவு என்று குறியுங்கள். தேதிக்கும் தொகைக்கும் ஒரே வரம்பு பொருந்தாது.

படி 4: திரை. இடப்பக்கம் பில்லின் படம், வலப்பக்கம் கட்டங்கள். கர்சர் நேராகச் சந்தேகமான கட்டத்தில் நிற்க வேண்டும். பில்லில் அந்த இடம் மட்டும் பெரிதாகத் தெரிய வேண்டும். சந்தேகத்தின் காரணத்தையும் எழுதுங்கள்: "வரி கூட்டல் 7.20 இடிக்கிறது". வெறும் சிவப்பு நிறத்தைப் பார்த்து யாராலும் எதையும் திருத்த முடியாது.

எங்கே கெடும்? நூறில் 97 சரியாக வரும் திரையில், விரல் தானாகவே என்டரைத் தட்டப் பழகிவிடும். அதைச் சோம்பல் என்று கணக்காளர் மேல் போடுவது அநியாயம். பார்த்துக்கொண்டே இருக்கும் வேலையில் மனிதக் கவனம் நிலைக்காது. உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-லேயே இதை எடுத்துக்காட்டினார். அதனால் "அனைத்தையும் ஏற்கவும்" பொத்தானை வைக்காதீர்கள். பில் எண்ணின் கடைசி மூன்று இடங்களைக் காலியாக விட்டு, படத்தைப் பார்த்து ஆளே தட்டச்சு செய்யும்படி வையுங்கள். மெஷின் படித்ததோடு அது ஒத்துப்போகாவிட்டால், ஆள் மறுபடி பார்த்து உறுதி செய்த பிறகே அடுத்த பில் திறக்கட்டும். ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியது மெஷினா ஆளா என்று பதிவு செய்யுங்கள். மாதம் ஒருமுறை ஆள் திருத்தியவற்றை எண்ணிப் பார்த்து, படி 3-இன் வரம்புகளை மாற்றுங்கள்.